'யோ' என்கிற வால்

ஸ்டெல்லா அக்கா மெஷினை அணைத்துவிட்டு எழுந்து நின்றபோது டீக்காரர் இன்னும் ஹாலுக்குள் வரவில்லை. டீக்கு முன்னால் அக்கா எழுந்து யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் பக்கத்து மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன.

ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற ஹால் அது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ஹைவேயை ஒட்டி. தூண் மாதிரி உயர்ந்து நிற்கும் தையல் மெஷின்கள், தோல் வாசனை, பசை வாசனை, இரண்டையும் கலக்கிச் சுற்றுகிற பெரிய ஃபேன்கள். அக்காவுக்கு எதிரே கொரியாவிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் ஹான் சார். இருவருக்கும் நடுவில், ஒருவர் பேச்சை மற்றவருக்குச் சொல்ல நான்.

அக்கா தைத்துக் கொடுத்த சேம்பிளை ஹான் சார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முனைப் பக்கம் ஓடிய தையலைக் கட்டை விரலால் தடவினார். பிறகு அதை மேஜைமேல் போட்டுவிட்டு, "அஜும்மா, தாஷி ஹே" என்றார்.

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "அக்கா, சார் இன்னா சொல்றாருன்னா, முடிஞ்சா இத இன்னொரு வாட்டி..."

"நீ இரு தினா. அவரு சொன்னது எனக்கே புரிஞ்சிது. தையலு கோணலாத்தான் கீது. பிரிச்சித் தெக்கறேன், அதுல சண்டயே இல்ல. நீ அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு."

"இன்னாக்கா?"

"மேனேஜருகிட்ட பேசறப்ப கடைசியில ஒட்டிக்கினு வருதே ஒரு வாலு, அது என்கிட்ட பேசறப்ப எங்க போச்சின்னு கேளு."

அந்த வால் எது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதுவரை ஸ்டெல்லா அக்கா அங்கேயே நிற்கட்டும். நிற்பது என்று முடிவு செய்துவிட்டால் அவர் நிற்பார்.

சாரைப் போய் யோ யோன்னு

போன வாரம், அட்டைப்பெட்டிகள் மேல் இருந்ததைப் படித்துப் படித்தே கொரிய எழுத்தைக் கற்ற கதையை எழுதியிருந்தேன். ஒரு வாசகி, "எழுத்து சரி தம்பி, பேச்சு எப்போது வந்தது?" என்று கேட்டிருந்தார். பேச்சு வந்தது. ஆனால் ஊர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

ஹான் சார் முதல்முதலாக எங்கள் கேட்டுக்குள் வந்த அன்று, நான் முன்னால் போய் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னேன். "அன்னியோங் ஹசேயோ." பயணம் எப்படி, சாப்பாடு ஆயிற்றா, ரூமில் தண்ணீர் வந்ததா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லா வாக்கியமும் 'யோ'வில்தான் முடிந்தது. எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் அஸ்லம் பாய் பக்கத்தில் நின்றவர், சார் நகர்ந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னாடா தினா, அவ்ளோ பெரிய மனுஷனப் போய் யோ யோன்ற? உன்னோட தோஸ்தா அவரு?"

நம் பக்கத்தில் 'யோவ்' என்று ஆரம்பித்தால் அடுத்தது சட்டைக் காலர்தான். கொரியாவில் நேர் எதிர். வாக்கியத்தின் கடைசியில் 'யோ' வந்தால்தான் மரியாதை. போ, போங்க என்பதில் இருக்கிற 'ங்க' மாதிரி. அந்த 'ங்க'வை விட்டால் என்ன ஆகுமோ, அதேதான் 'யோ'வை விட்டாலும். இதை பாய்க்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் சாருக்கு வைத்த இளநீர் சூடாகிவிட்டது.

'அஜும்மா' இன்னொரு கூத்து. நடுவயதுப் பெண்களைக் கூப்பிடும் சொல் அது. வெள்ளிக்கிழமை ஒன்றில் ஹான் சார் ஹாலின் கோடியிலிருந்து "அஜும்மா!" என்று குரல் கொடுத்தார். பாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஜும்மா தொழுகைக்கு இன்னும் டைம் கீதே. நமக்கே இல்லாத அவசரம் இவருக்கு இன்னா?" என்றார்.

இவற்றையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். நான் நிஜமாகவே பயந்தது ஒரு சொல்லுக்கு. 'மறுபடியும்' என்பதற்குக் கொரியர்கள் 'தாஷி' என்பார்கள். நம் காதில் அது என்னவாக விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண்கள் வரிசைக்கு நடுவில் நின்றுகொண்டு வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாள் முழுக்க அதைச் சொல்லப் போகிறார். அவர் வருவதற்கு முன்பே எல்லாரையும் கூட்டி வைத்து, "அதுக்கு அர்த்தம் மறுபடியும்னுதான், சத்தியமா வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

"நல்ல வேள சொன்னப்பா" என்றார் ஸ்டெல்லா அக்கா. "இல்லன்னா செருப்புக் கம்பெனிக்கு வந்து செருப்பாலயே வாங்கினு போயிருப்பாரு."

பூசானில் என் குப்பை

ஹான் சார் வருவதற்கு முன்பு, எங்கள் கம்பெனி கொரியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தபோது, எங்களில் சிலரைப் பயிற்சிக்குப் பூசானுக்கு அனுப்பினார்கள். கடலோர நகரம், ஷூ வேலைக்குப் பேர் போனது. ஆம்பூர் வெயிலிலிருந்து நேராக அந்த ஊர்க் குளிரில் போய் இறங்கினேன். மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குப்பை போடுவதற்குக்கூட அங்கே பாஷை தெரிய வேண்டும். பிளாஸ்டிக்குக்கு ஒரு பை, பேப்பருக்கு ஒரு பை, மிச்சச் சோற்றுக்கு ஒரு பை. எழுத்துக் கூட்டிப் படித்தும் எதில் எது என்று புரியாமல் நான் தெருமுனையில் வைத்துவிட்டு வந்த பையை, மாடிவீட்டு அம்மாள் திரும்பவும் என் கதவருகே கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார். போகும்போது நின்று நிதானமாகத் திட்டுவார். கொரிய மொழியில் என்னோடு முதலில் நீளமாகப் பேசியவர் அவர்தான். குப்பை சம்பந்தப்பட்ட சொற்கள் எனக்கு இன்றும் அட்சர சுத்தமாக வரும்.

பகலில் ஃபாக்டரி. ஞாயிற்றுக்கிழமைகளில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக நடந்த இலவச வகுப்பு. வியட்நாம், நேபாளம், உஸ்பெகிஸ்தான் என்று கலந்து கட்டி உட்கார்ந்திருப்போம். அங்கேதான், தெரிந்தவரைப் பார்த்தால் கொரியர்களும் நம்மைப் போலவே "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள் என்று டீச்சர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுத்த நாளே சொல்லிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஃபாக்டரிக்கு எதிரில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. சூப் கொதிக்கிற ஆவியில் கண்ணாடிக் கதவு எப்போதும் வியர்த்திருக்கும். கடைக்கார அம்மாவுக்கு என் அம்மாவைவிட வயது கூட இருக்கும். அவரிடம் 'நீங்க' என்று சொல்லாமல் பேச எனக்கு நாக்கு எழாது. அகராதியைப் பார்த்தேன். 'நீங்கள்' என்பதற்குத் 'தங்ஷின்' என்று போட்டிருந்தது. மரியாதைச் சொல் என்றும் போட்டிருந்தது. மனப்பாடம் செய்தேன்.

கடைக்குள் நுழைந்து, குனிந்து வணங்கி, நல்ல சத்தமாக, "தங்ஷின், பாப் மொகொஸ்ஸொயோ?" என்றேன்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது. அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். என்னோடு வந்திருந்த நேபாளத்துத் தோழன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இந்தியில் சொன்னான். அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஆம்பூர் உருது போதுமானதாக இருந்தது.

"அந்த வார்த்தையில என்னக் கூப்படறவங்க ரெண்டே பேரு. ஒண்ணு சண்டைக்கு வர்றவன், இன்னொண்ணு என் புருஷன். நீ எதுன்னு கேக்கறாங்க."

பெரியவர்களைக் கொரியர்கள் 'நீங்கள்' என்றே சொல்வதில்லையாம். உறவைச் சொல்வார்கள், அல்லது பதவியைச் சொல்வார்கள். சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே "சாருக்கு டீ வேணுமா?" என்று நாம் கேட்பதில்லையா, அந்த மாதிரி. சாப்பாட்டுக் கடை அம்மாக்களை 'இமோ' என்று கூப்பிட வேண்டும். தாயோடு பிறந்தவள் என்று அர்த்தம். மறுநாள் "இமோ!" என்றேன். எல்லாருக்கும் வைத்ததற்கு மேல் எனக்கு ஒரு முட்டை வந்தது.

ஆவாது

எனக்கு இங்கிலீஷ் ஒரு நாளும் சொன்ன பேச்சு கேட்டதில்லை. அப்பாவுக்கு வாணியம்பாடியில், தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலை. அம்மா, ஆலங்காயம் பக்கம் எங்கள் ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வீட்டில் முதலில் பேனா பிடித்த கை என்னுடையது. பாலிடெக்னிக்கில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருந்தும் தலையைக் குனிந்துகொள்வேன். இங்கிலீஷ் வாக்கியத்தை எந்த முனையில் பிடித்துத் தூக்குவது என்று தெரியாது. வினைச்சொல் நடுவில் எங்கேயாவது கிடக்கும்.

கொரிய மொழியில் அந்தத் தொல்லை இல்லை. நம்மைப் போலவே யார், எதை, எங்கே எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில்தான் வினை. 'மொகொ பொசேயோ' என்றால் 'சாப்பிட்டுப் பாருங்கள்.' எங்கள் வகுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பையனும் இருந்தான். அவனுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. "சாப்பிடுவதற்கு எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று டீச்சரைத் துளைத்தான். நான் பின்வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுத்தானே பார்க்க வேண்டும்? பார்த்தால் எப்படித் தெரியும்?

'அன் த்வேயோ' என்று ஒன்று. கூடாது, முடியாது என்று எழுதிக்கொண்டோம். ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'ஆகாது.' எங்கள் அம்மா விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை சொல்கிற 'ஆவாது'தான். 'த்வேஸ்ஸொயோ' என்றால் 'ஆச்சு.' அன்றைக்கு அந்த வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, படிப்பு என்பது என் வீட்டை விட்டுத் தூரமாகப் போகிற ஒன்று இல்லை போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

வகுப்பில் முதலாவதாக வந்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"எப்பிட்றா? உனக்கு இங்கிலீஷே வராதே" என்றார்.

"உன் பேச்சத்தான் பேசறேம்மா. வார்த்தைய மட்டும் மாத்திக்கறேன்."

"என் பேச்சு அந்த ஊர்ல யாருக்குடா புரியும்?"

பூசான் முழுக்கப் புரிந்தது.

எண்ணெய் ஊட்டுகிற வேலை

திரும்பி வந்ததும், தோல் வெட்டுகிற செக்‌ஷனில் இருந்த என்னை எடுத்து ஹான் சார் கூடவே போட்டார்கள். அவர் போகிற இடமெல்லாம் போக வேண்டும். அவர் வாய் திறந்தால் நானும் திறக்க வேண்டும்.

ஹான் சார் கெட்ட மனிதர் இல்லை. தையலில் ஒரு நூல் பிசகினால் அவருக்கு வயிற்று வலி வந்துவிடும், அவ்வளவுதான். கொஞ்சம் தமிழும் கற்றுக்கொண்டார். ஹாலில் காது கொடுத்துக் கற்றது. அதனால் வா, போ, உக்காரு, சீக்கிரம். முதலாளியின் வயதான தகப்பனார் ஒருநாள் ஃபாக்டரியைப் பார்க்க வந்தபோது, ஓடிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, "வா, உக்காரு" என்றார். பெரியவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்று முழுக்க எங்கள் எல்லாரையும் "வா, உக்காரு" என்றே கூப்பிட்டார்.

கொரிய மொழியில் மேனேஜர்களோடு பேசும்போது ஹான் சார் ஒழுங்காக 'யோ' போடுவார். மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போட மாட்டார். செய், எடு, வை, மறுபடி செய். நான் அதையெல்லாம் அப்படியே சொல்வதில்லை.

டேனரியில் தோலுக்குக் கடைசியாக எண்ணெய் ஊட்டுவார்கள். எண்ணெய் ஏறாத தோலை மடித்தால் வெடிக்கும். என் அப்பா பல காலமாகச் செய்கிற வேலை அது. நான் பேச்சுக்கு எண்ணெய் ஊட்டினேன். ஹான் சார் "மறுபடி செய்" என்றால், "முடிஞ்சா இன்னொரு வாட்டி பாத்துடலாமான்னு கேக்கறாரு" என்பேன். ஸ்டெல்லா அக்கா, "தோலையே கோணலா வெட்டிக் குடுத்துட்டு தையலு கோணல்ன்றாரே, அவருக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா?" என்றால், வெட்டு வேலையையும் ஒருமுறை கவனித்தால் நல்லது என்று பணிவோடு தெரிவிக்கிறார் என்பேன்.

இதில் எனக்கு அன்றும் உறுத்தல் இல்லை, இன்றும் இல்லை. வேலை ஓடியது. ஒருநாள் ஹான் சார் என்னிடம், "உங்கள் ஊர்ப் பெண்கள் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறார்கள்!" என்று வியந்தார். அதே நேரத்தில் இரண்டடி தள்ளி ஸ்டெல்லா அக்கா, "இடிச்ச புளியாட்டம் நிக்கறாரு பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் கேன்டீனில், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அக்கா கேட்டார்.

"ஏன் தினா, நீ அவருகிட்ட யோ யோன்றியே, அது மரியாதைன்னு பாய்கிட்ட சொன்னியாமே?"

"ஆமாக்கா. நம்ம 'ங்க' மாதிரி."

"அத உட்டுட்டுப் பேசனா?"

மொழி பற்றி யாராவது கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். "சின்னவங்ககிட்ட, கூட்டாளிங்ககிட்ட பேசறப்ப உட்ருவாங்கக்கா. பெரியவங்ககிட்ட, புதுசா பாக்கறவங்ககிட்ட உட்டா அது மரியாதக் கொறச்சல்" என்று வகுப்பே எடுத்தேன்.

"ஓஹோ" என்றார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அக்கா காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். ஹான் சார் யாரிடம் பேசும்போது வால் வருகிறது, யாரிடம் பேசும்போது இல்லை என்று. வார்த்தைக்கு நான் எண்ணெய் ஊட்டலாம். ஓசைக்கு ஊட்ட முடியாது. அது நேராக அவர் காதுக்குப் போய்விட்டது.

பையை எடுத்துக்கினு கெளம்பு

இனி, நின்றுகொண்டிருக்கிற ஸ்டெல்லா அக்காவிடம் திரும்பலாம்.

அஸ்லம் பாய் ஓடி வந்தார். "இன்னாம்மா பேஜாரு? சாயங்காலம் அவரு ஃப்ளைட் ஏறணும். சேம்பிள் அவரு கையோட போவணும். அது ஓகே ஆனாதான் இந்த லைனுக்கு ஆர்டரு."

"போவட்டும் பாய். வால சேத்து ஒரே ஒரு வாட்டி சொல்லட்டும். அடுத்த நிமிஷம் உக்காந்து தெக்கறேன்."

"வெளிநாட்டுக்காரரு, தெரியாம பேசறாரும்மா. பெரிய மொதலாளியவே வா, உக்காருன்னாரு. அவரு கோச்சிக்கினாரா?"

"அது தமிழு. தமிழு அவருக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். அவரு பாஷ அவருக்குத் தெரியுமில்ல?"

பாய் மணியைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது.

"உக்கார்றதுன்னா உக்காரு. இல்லன்னா பையை எடுத்துக்கினு கெளம்பு. வேற ஆள வெச்சித் தெச்சிக்கறேன்."

அக்கா குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நான் அரை டவுசரில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்த ஹாலில் தைக்கிறவர் அவர். ஹைவேயில் வேறு கம்பெனிகள் இல்லாமல் இல்லை. போனால் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் புது ஆளாக, கடைசி மெஷினில் இருந்து. அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கை பையின் வாரைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

ஹான் சார் என்னைப் பார்த்தார். என்ன நடக்கிறது?

தலைவலியாம் என்று சொல்லலாம். பஸ் பிரச்னை என்று சொல்லலாம். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொரிய மொழி தெரியாது. இருந்தாலும், நான் மாற்றிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது.

சொன்னேன். இவர் திரும்பத் தைக்கத் தயார். ஆனால் மேனேஜரிடம் நீங்கள் போடுகிற 'யோ'வைத் தன்னிடம் போடுவதில்லை என்கிறார். போட்டுக் கேட்டால் தைப்பார். இல்லாவிட்டால் போய்விடுவார்.

ஹான் சாரின் காது மடல் சிவந்தது.

"இன்னாடா சொன்ன அவருகிட்ட?" என்று பாய் என் காதில் கிசுகிசுத்தார்.

"அக்கா சொன்னத."

"அப்பிடியேவா?"

"அப்பிடியே."

"யா அல்லாஹ்" என்றார் பாய்.

வயசு இன்னா?

ஹான் சார் ஒரு கேள்வி கேட்டார். இந்த அம்மாவுக்கு வயது என்ன?

கொரியாவில் இது சாதாரணம். என்னைப் பார்த்த முதல் நிமிடத்தில் எல்லாரும் கேட்டது இதுதான். வயது தெரிந்தால்தான் பேச்சில் எந்தப் படியில் நிற்பது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆம்பூரில், ஒரு ஹால் நிறையப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதை எப்படிக் கேட்பது?

"அக்கா, கோச்சிக்காதீங்க. உங்க வயசு இன்னான்னு கேக்கறாரு."

"இன்னாத்துக்கு? பொண்ணு பாக்க வந்தாரா?"

ஹால் சிரித்தது. நான் காரணத்தைச் சொன்னேன். அக்கா யோசித்தார். "எந்த வயசு? ஸ்கூல்ல வாத்தியார் போட்டதா, நெஜ வயசா?"

பள்ளியில் போட்ட வயதின்படி அக்கா ஹான் சாரைவிடச் சின்னவர். சாருக்கு ரூம் போட்டுக் கொடுத்தவன் நான், அவர் வயது எனக்குத் தெரியும். நிஜ வயது? "பாலாத்துல தண்ணி வந்த வருஷம் பொறந்தவன்னு எங்கம்மா சொல்லும்" என்றார் அக்கா. ஆற்றில் தண்ணீர் வந்ததை நினைவு வைத்திருக்கிற ஒரு வயதான செக்யூரிட்டி கணக்குப் போட்டு, அப்படியானால் அக்காதான் பெரியவர் என்று தீர்ப்பு சொன்னார்.

பாய்க்கு முகம் மலர்ந்தது. "அப்பறம் இன்னா? பெரியவங்கன்னு சொல்லிட்றா தினா. முடிஞ்சிது மேட்டரு."

நான் ஹான் சார் பக்கம் திரும்பினேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"சொல்லாத."

"ஏன்க்கா? சொன்னா ஒடனே சரியாயிடும்."

"எனக்கு சரியாயிடும். இவளுக்கு?" அடுத்த மெஷினில் இருந்த கவிதாவைக் காட்டினார். வரிசையில் இருப்பவர்களில் அவள்தான் சின்னவள். ஆலங்காயம் பஸ்ஸில் என்னோடு வருகிறவள். அவளை ஹான் சார் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, வெறும் 'யா!'தான், நம் 'ஏய்' மாதிரி. "இவ என் வயசுக்கு வர்றதுக்குள்ள நான் ரிட்டேர் ஆயிடுவேன். வயசுக்குக் குடுக்கற மரியாத வாணாம். மெஷின்ல உக்காந்து கீறவங்க எல்லாருக்கும் குடுக்கறதுன்னா குடுக்கட்டும்."

கவிதா நூலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கழுத்து வரை வெட்கம்.

அதையும் சொன்னேன். ஹான் சார் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஃபாக்டரிப் பேச்சு" என்றார். "நான் சின்ன வயதில் பூசானில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடமும் இப்படித்தான் பேசினார்கள். எனக்கு யாரும் 'யோ' போட்டதில்லை."

அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்ப அவருக்கு அது நல்லா இருந்திச்சான்னு கேளு" என்றார்.

கேட்டேன்.

ஹான் சார் மேஜைமேல் கிடந்த சேம்பிளை எடுத்தார். அந்தக் கோணல் தையலின் மேல் கட்டை விரல் ஒருமுறை போய் வந்தது.

"அனியோ" என்றார்.

இல்லை என்று அர்த்தம். நான் அதைத் தமிழில் சொல்லத் தொடங்குவதற்குள் கவிதா துள்ளி எழுந்துவிட்டாள்.

"அக்கா! வந்திச்சி! யோ வந்திச்சி!"

ஹால் மொத்தமும் கைதட்டியது. பின்வரிசையில் யாரோ விசிலே அடித்தார்கள். டீக்காரர் கேனோடு வாசலில் வந்து நின்றவர், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். ஹான் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னதும் முதலில் திகைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். சேம்பிளை இரண்டு கைகளிலும் ஏந்தி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அக்காவிடம் நீட்டினார்.

"தாஷி ஹே ஜுசேயோ."

மறுபடியும் செய்து கொடுங்கள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கி மேஜைக்கு அடியில் வைத்தார். இரண்டு கையாலும் சேம்பிளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாய் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "டீ குடுய்யா எல்லாருக்கும்" என்றார். ஹான் சார் கவிதாவின் மெஷின் பக்கம் போய், தையல் இழுவையைச் சரிசெய்யச் சொன்னார். அதிலும் வால் இருந்தது. சொல்லி முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தார், சரியா என்பது போல.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு வார்த்தைகூட மாற்றாமல் சொல்லி, ஒரு வேலையும் போகாமல், ஒரு ஆர்டரும் போகாமல் காப்பாற்றிவிட்டேன். அந்த மிதப்பில், அக்கா தையல் பிரிக்க வசதியாக இருக்கட்டும் என்று குரல் கொடுத்தேன்.

"ஏய் கவிதா, அந்தச் சின்னக் கத்திரிய எடுத்தா."

ஸ்டெல்லா அக்கா தலை நிமிரவில்லை. ஊசி முனையால் முதல் தையலை நெம்பியபடி கேட்டார்.

"இன்னா தினா, உன் வாலு எங்க?"

மெஷின்கள் மறுபடி நின்றன. கவிதாவும் நானும் ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து ஊர். அவள் என்னைவிடச் சின்னவள். இவ்வளவு காலமாக இப்படித்தான் கூப்பிடுகிறேன். இந்தக் காரணங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. வந்த வேகத்தில், எதுவும் சொல்லத் தகுந்ததாக இல்லை.

"கவிதா," என்றேன். "அந்தக் கத்திரிய... எடுத்துக் குடுங்க."

தமிழில் அதற்கு முன் எனக்கு அவ்வளவு கடினமான வாக்கியம் வாய்த்ததில்லை.

கவிதா எழுந்து போய்க் கத்திரியை எடுத்து வந்தாள். அக்காவின் கையில் கொடுத்தாள். பிறகு என் எதிரே வந்து நின்று, ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சரியா காதுல உழல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன்.